அண்ணன் பேரில் போட்ட ஊசி

ஊசிக்குப் பயப்படுகிறவனை எனக்குப் பிடிக்கும். "பயமா இருக்கு சிஸ்டர்" என்று ஒப்புக்கொள்வான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், நானும் குத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். எனக்கு ஆகவே ஆகாதவன், அதே பயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் மார்க்கம் பேச வருகிறவன். "அல்லாஹ்வோட வீட்டுக்கு விருந்தாளியாப் போறோம். அங்க போயி நோய் வருமா?" என்பான். "அப்ப இன்னிக்கு உங்க வீட்டைப் பூட்டாம வந்திருக்கீங்களா?" என்று கேட்பேன். சட்டைக் கையை மடித்துவிடுவான்.

இருபத்தாறு வருடமாக இதே அறை. சுகாதார அலுவலகத்தின் இரண்டாவது மாடி, ஒழுகும் குழாய்க்கு ரப்பர் சுற்றிய கை கழுவும் தொட்டி, ஒரு மேசை, ஐஸ் பெட்டி, சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவது என் வேலை. லட்சக்கணக்கான பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிற இடம் அது, ஒருத்தன் இருமினால் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும். அதனால் போய் இறங்குவதற்குப் பத்து நாளாவது முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும், போட்டதற்கு என் கையால் எழுதி முத்திரை குத்திய மஞ்சள் அட்டை வேண்டும். அட்டையும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். பெரிய மனிதர்களுக்குத்தான் புரிந்து தொலையாது.

என்னென்ன கூத்து பார்த்திருக்கிறேன்! மாத்திரையாகக் கொடுத்தால் ஆகாதா என்பார் ஒருவர். நல்ல காரியம்தானே, வலது கையில் போடுங்கள் என்பார் இன்னொருவர். விடிந்தால் ஆட்டை அறுக்கிற கறிக்கடைக்காரர் ஒருவர், நான் பஞ்சை எடுத்ததுமே கண்ணைச் செருகிக்கொண்டு நாற்காலியிலிருந்து வழிந்துவிட்டார். ஊசியைக்கூட இன்னும் எடுக்கவில்லை, வெறும் பஞ்சு. அவரைத் தூக்கிப் பெஞ்சில் போட நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

இவர்களையாவது மன்னிக்கலாம். மன்னிக்கவே முடியாத ஒருவர் உண்டு. அவர் என் அக்காவின் கணவர்.

அவரை நான் நேரில் மச்சான் என்பேன், மனசுக்குள் 'ஏழு தடவை' என்பேன். ஹஜ்ஜுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிற தொழில். ஏழு தடவை போய் வந்துவிட்டார். அதை மறக்க அவர் யாரையும் விட்டதில்லை. வெயில் அதிகம் என்று சொல்லுங்கள், "ஏழு தடவை போயிருக்கேன், இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார். டீயில் சர்க்கரை குறைவு என்று சொன்னாலும் அந்த ஏழு தடவை எங்கிருந்தாவது வந்துவிடும். இந்த ஏழு தடவையில் ஒரு தடவைகூட என் அக்காவைக் கூட்டிப்போனதில்லை. "அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்." அக்கா ஏழு தடவையும் அவருடைய பெட்டியை அடுக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழுதாள். அவர் பிரிவுக்கு அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும் எதற்கு அழுதாள் என்று.

ஒவ்வொரு வருடமும் ஊசி முகாம் அன்று காலையில் மச்சான் தன் கூட்டத்தோடு வந்துவிடுவார். நான் பொடிக் குப்பியில் கரைசலை ஏற்றிக் கலக்கிக்கொண்டிருப்பேன். அது கலந்தபின் வெகுநேரம் தாங்காது, சட்டுபுட்டென்று போட்டு முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இவர் பெஞ்சின் முன்னால் நின்று பிரசங்கம் பண்ணுவார். இந்த வருடமும் பண்ணினார்.

"எல்லாம் நிய்யத்துதான். மனசுல என்ன நெனச்சுக் கெளம்புறீங்களோ அதான் கணக்கு. பதல் ஹஜ்ஜுக்குப் போறவங்க கேட்டுக்கங்க. மவுத்தாயி எறந்துபோனவங்களுக்காக அவங்க எடத்துல நீங்க போறீங்க. வீட்டு வாசப்படியத் தாண்டுனதுலேர்ந்து எல்லாமே அவங்க பேர்லதான். குடிக்கிற தண்ணிகூட அவங்க பேர்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள். நான் மேசையைத் தட்டினேன். "மச்சான், பாஸ்போர்ட்டக் கையில குடுத்து ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

"பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்மா. நம்பர் லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன், பாத்து எழுதிக்க. பேரை அவங்களே சொல்லுவாங்க. ஏழு தடவை இப்படித்தானே நடந்துச்சு?"

பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் அட்டை எழுதக் கூடாது என்பது சட்டம். ஆனால் கலக்கிய மருந்து கையில் இருக்கிறது, நாற்பது பேர் நிற்கிறார்கள், இவரோடு வாயாடினால் மத்தியானமாகிவிடும். எழுத ஆரம்பித்தேன். "பேர்?" என்று கேட்பேன், தலையைத் தூக்காமல் எழுதுவேன், குத்துவேன், முப்பது நிமிடம் பெஞ்சில் உட்காரச் சொல்வேன்.

இருபதாவதோ இருபத்தொன்றாவதோ ஆளாக வந்தவர் எங்கள் கடைத்தெருவில் உட்காருகிற பூட்டு ரிப்பேர்காரர். அறுபதைத் தாண்டியவர். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"பேர்?"

ஒரு பேர் சொன்னார். எழுதப் போனவள், என்ன தோன்றியதோ, லிஸ்ட்டைப் பார்த்தேன். லிஸ்ட்டில் அந்த நம்பருக்கு எதிரே வேறு பேர் இருந்தது.

"இது உங்க பேரா?"

"இல்லம்மா. அண்ணன் பேரு. அவரு மவுத்தாயி எட்டு மாசமாச்சு. அவருக்காகத்தான் போறேன்."

"போறது யாருக்காக வேணும்னாலும் இருக்கட்டும். ஊசி உங்க கையிலதானே ஏறுது? உங்க பேரச் சொல்லுங்க."

அவர் பதறிப்போனார். "ஐயோ, அப்படி எழுதிடாதீங்கம்மா. என் ஹஜ்ஜு எப்பவோ முடிஞ்சுபோச்சு. இது அண்ணனோடது. என் பேர எழுதுனா அவருக்குப் போய்ச் சேராமப் போயிரும். எல்லாமே அவரு பேர்லன்னு இப்பத்தானே ஹாஜியாரு சொன்னாரு?"

செத்துப்போன மனுஷனுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி! இருபத்தாறு வருடத்தில் இது ஒன்றுதான் பார்க்காமல் இருந்தேன். நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவர் ஜன்னலோரம் தாடியைத் தடவிக்கொண்டு யாருக்கோ ஏழாவது தடவையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு குளுகுளுப்பு ஓடியது. எழுதித்தான் கொடுப்போமே. அட்டையைச் சரிபார்க்கும்போது மச்சான் திருட்டு முழி முழித்துக்கொண்டு என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். 'ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா' என்று அந்த 'ஏழு தடவை' தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்போது வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அண்ணன் பேரை அட்டையில் எழுதினேன், பதிவேட்டிலும் எழுதினேன், முத்திரையை அழுத்திக் குத்தினேன். கிழவரின் கையில் ஊசியைப் போட்டேன். "போய் பெஞ்சுல உக்காருங்க" என்றேன்.

ஒரு வாரம் காத்திருந்தேன், மச்சான் வரவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூட முகாம்கள் வந்தன, நூற்றுக்கணக்கான பிள்ளைகள், அழுகை, வாந்தி. உண்மையைச் சொல்கிறேன், அந்த அட்டையை நான் மறந்தே போனேன்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் எட்டாவது தடவையாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள், கால் வெடிப்புக்குக் களிம்பு வைத்தாள், பிரஷர் மாத்திரையை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டினாள்.

"இந்தத் தடவையும் நீ போகலையா?" என்றேன்.

"அடுத்த வருஷம்னு சொல்லிருக்காருடி."

"அவரு சொன்னாரு, நீ கேட்டுக்கிட்டே! தூ, உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?"

அவள் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் பக்கத்தில் மச்சானின் தோல்பை திறந்து கிடந்தது. பாஸ்போர்ட்டுகள் ஒரு கட்டு, என் மஞ்சள் அட்டைகள் ஒரு கட்டு. அட்டைக் கட்டில் நான் அன்றைக்குப் போட்டுக் கொடுத்த ரப்பர் பாண்டு அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருந்தது. செத்துப்போன அண்ணன், உயிரோடு இருக்கிற தம்பியின் பாஸ்போர்ட் நம்பரோடு, என் கையெழுத்தில்.

குளித்துவிட்டு மச்சான் துண்டோடு வந்தார். "என்னம்மா, என் பைய நோண்டிக்கிட்டிருக்கே?"

"இந்த அட்டைய நீங்க பாத்தீங்களா இல்லையா? பூட்டுக்காரர் அட்டையில வேற பேர் இருக்கு. நாளைக்கு அவரை ஏத்த மாட்டாங்க."

வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் எழுத்துதானே?"

"என் எழுத்துதான்."

"அப்ப தப்பு உன்னோடது. விடு, எவன் பாக்கப் போறான்? ஏழு தடவை போயிருக்கேன்..."

"பாத்தா?"

"பாத்தா நிறுத்திருவான். ஒரு ஆள்தானே. நாப்பது பேரோட பயணத்த ஒரு கெழவனுக்காக நிறுத்த முடியுமா? அடுத்த வருஷம் போகட்டும்."

கண்ணாடி பார்த்துத் தாடியை வாரத் தொடங்கினார். அடுத்த வருஷம்! இந்த ஆளுக்கு இந்த இரண்டு வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது! அக்கா பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த அட்டையையும் அந்த ஒரு பாஸ்போர்ட்டையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "ஏய், பாஸ்போர்ட்ட எங்க கொண்டுபோறே?" என்று பின்னால் கத்தினார். துண்டோடு தெருவுக்கு வர மாட்டார் என்று தெரியும், நடையைக் கட்டினேன்.

பூட்டுக்காரரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடை என்ன கடை, ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சாவிகள். ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். கண் சாவியைப் பார்க்கவில்லை, எங்கோ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல்தான் சாவியின் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"நான் ஊசி போட்ட நர்ஸ்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "சிரிச்ச அம்மா! வாங்க, வாங்க." ஸ்டூலைத் துடைத்து எனக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாரு சிரிச்சா?"

"நீங்கதாம்மா. அண்ணன் பேரச் சொன்னதும் சிரிச்சீங்களே. முகம் சரியாத் தெரியலைன்னாலும் சிரிப்பு கேட்டுச்சு. ஒருவேள அவரத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அவரத் தெரிஞ்சவங்க எல்லாரும் பேரக் கேட்டதுமே சிரிப்பாங்க, அப்படிப்பட்ட மனுஷன். எங்க ரெண்டு பேருக்கும் போக ஆச. சேத்து வச்சது ஒருத்தருக்குத்தான் பத்துச்சு. 'நீ சின்னவன், மொதல்ல நீ போ, எனக்கு என்ன அவசரம்'னு என்னைய அனுப்பிட்டாரு. அப்புறம் அவருக்கு வாதம் வந்து படுத்துட்டாரு. வாய் போற கடைசி நாள்ல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எனக்காகப் போவியாடா?'ன்னாரு. போறேண்ணேன்னு சொல்லிட்டேன்."

நான் ஸ்டூலில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

"இந்த வருஷமே போயாகணும்மா. கண்ணு போயிக்கிட்டிருக்கு. அடுத்த வருஷம் முழுசா இருட்டிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு, அப்புறம் தனியா விட மாட்டாங்க. ஆமா, நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"அட்டையில ஒரு தப்பு இருக்கு. பெரிய டாக்டர் கையெழுத்து வாங்கணும். ஆபீஸ் மூடுறதுக்குள்ள போகணும், வாங்க" என்றேன். யாருடைய தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ராவிய சாவியைப் பக்கத்துத் தையல்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். போகிற வழியெல்லாம் அவர் கையை நான் பிடித்திருந்தேன். அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். என்னை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் பெரிய டாக்டருக்கு நான் வைத்த பேர் 'பச்சை மை'. பச்சை மையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்த ஆள் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. நாலே முக்காலுக்கு மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பூட்டுக்காரரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பாஸ்போர்ட்டையும் முகத்தையும் பார்த்து, பதிவேட்டில் தேதியையும் மருந்துக் குப்பியின் எண்ணையும் பார்த்தார். ஒரு திருத்தப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"ஊசி போட்டது போட்டதுதான், தேதியும் சரியா இருக்கு. பேர் மட்டும்தானே? கடைசிக் கட்டத்துல காரணம் கேக்கும் சிஸ்டர். 'கவனக்குறைவு'ன்னு எழுதுங்க, போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

பேனாவை எடுத்தேன். கவனக்குறைவு. எத்தனை வசதியான வார்த்தை! எத்தனை பேர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து நான் காறித் துப்பாத குறையாகப் பேசியிருக்கிறேன். பக்கத்தில் கிழவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எழுதிக் கொடுத்தேன். டாக்டருக்குப் பழக்கம், எதையும் வாய்விட்டுப் படிப்பார். படித்தார்.

"'பெயர் வேறு என்று தெரிந்தே எழுதினேன். குழுவைக் கூட்டிவந்தவரை அவமானப்படுத்துவதற்காக எழுதினேன். இவர் மேல் எந்தத் தவறும் இல்லை.'" நிறுத்தினார். "என்ன சிஸ்டர் இது? இது உங்க ஃபைல்ல ஏறும். விசாரணை வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வரட்டும்."

பிறகு பச்சைப் பேனாவைத் திறந்தார். நான் புது அட்டை எழுதினேன். அந்தப் பேரை இந்தத் தடவை பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, அட்டையைத் தானே கிழவர் கையில் கொடுத்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். ஆறு வருடமாக அந்த மனிதரோடு வேலை பார்க்கிறேன், அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

வெளியே வந்து என் அறைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜனங்கள் போய்விட்டிருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் அட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார், சாவியின் பல்லைத் தடவுகிற மாதிரி. திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப அன்னிக்கு நீங்க சிரிச்சது..." என்றார்.

"உங்களப் பாத்துத்தான். உங்களையும் எங்க மச்சானையும் பாத்து, முட்டாளுங்கன்னு சிரிச்சேன்."

"ம்" என்றார். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு, "பேர் சொல்லுங்கம்மா" என்றார்.

"எதுக்கு? புகார் குடுக்கவா?"

"இல்லம்மா. அங்க போயி யார் யாருக்காகத் துஆ கேக்கணும், அல்லாஹ்கிட்ட வேண்டணும்னு மனசுல ஒரு லிஸ்ட்டு வச்சிருக்கேன். எழுதப் படிக்கத் தெரியாது, மனசுலதான். உங்கள 'சிரிச்ச அம்மா'ன்னு வச்சிருந்தேன். இனிமே அப்படிச் சொல்லிக் கேக்க முடியாதில்ல? சரியான பேராச் சொல்லுங்க."

இருபத்தாறு வருடமாகத் தலையைத் தூக்காமல் அடுத்தவர்களிடம் நான் கேட்ட கேள்வி. ஏழு பெட்டியும் எட்டாவது பெட்டியும் கண்முன் வந்தன. கொஞ்சம் தயங்கி ஒரு பேர் சொன்னேன்.

அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இது உங்க பேரா?"

"இல்ல. எங்க அக்கா பேரு. அவ கால் அங்க படுமோ படாதோ தெரியாது." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அவளுக்குப் போய்ச் சேருமா?"

பூட்டுக்காரர் சிரித்தார். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது.

"கார்டுலதாம்மா சேராது" என்றார். "அங்க சேரும்."